டெலிவரி வேலை செய்யும் இளைஞர்களின் தொழில் நிலையை விசாரித்து முடிவு தரக் கோரும் மனு

திருகோணமலை
பெப்ரவரி 2026

உதவித் தொழில் ஆணையாளர் அவர்கள்,
மாவட்டத் தொழில் அலுவலகம்,
திருகோணமலை.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

திருகோணமலை நகரத்திலும் உப்புவெளி, நிலாவெளி, பாலையூற்று, சீனக்குடா, கிண்ணியாப் பக்கங்களிலும் மோட்டார் சைக்கிளில் பார்சலும் சாப்பாடும் கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞர்கள் நாங்கள். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லோரும் எங்களுக்குள் இருக்கிறோம். பலர் உயர்தரம் எழுதிவிட்டு அடுத்தது என்ன என்று பார்த்துக்கொண்டிருக்கிற வயது. சிலருக்குக் குடும்பம் உண்டு, கைக்குழந்தை உண்டு. வேலை பிடிக்காமல் இதை எழுதவில்லை. செய்கிற வேலைக்கு உரிய காசு வந்து சேரவில்லை, ஏன் என்று கேட்க ஒரு ஆளும் இல்லை, அதனால்தான் உங்களிடம் வருகிறோம்.

எங்களுடைய பிரதான வேண்டுகோள் ஒன்றுதான். சட்டப்படி நாங்கள் ஊழியர்களா இல்லையா என்பதை உங்கள் அலுவலகம் விசாரித்து எழுத்தில் சொல்லவேண்டும். மற்ற எல்லாம் அதிலிருந்துதான் வரும்.

வேலைக்குச் சேரும்போது டெலிவரி நிறுவனங்கள் எங்களுக்கு நியமனக் கடிதம் தருவதில்லை. கைபேசியில் ஆங்கிலத்தில் நீளமாக ஒன்று வரும், அடியில் சம்மதம் என்று அழுத்தவேண்டும். அதில் எங்களைச் சுயாதீன ஒப்பந்தக்காரர், அதாவது ஊழியர் அல்ல, என்று எழுதியிருக்கிறார்கள் என்பதே பலருக்குப் பிறகு ஒருவர் வாசித்துச் சொல்லித்தான் தெரியும். சரி, அப்படியே இருக்கட்டும். ஆனால் காலையில் எத்தனை மணிக்கு வந்து நிற்கவேண்டும் என்று அவர்கள்தான் சொல்கிறார்கள். ஒரு பார்சலுக்கு எவ்வளவு என்பதை அவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள், ஒருநாள் காலையில் வட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுக் குறைத்தும் விடுகிறார்கள். அவர்களுடைய பெயர் போட்ட ரீசேட்டையும் பையையும் நாங்கள் காசு கொடுத்து வாங்கவேண்டும். சுகமில்லை என்று இரண்டு ஓடரை மறுத்தால் எங்களுடைய கணக்கு முடக்கப்படும். கொழும்பில் எங்கேயோ இருக்கிற ஒரு இலக்கத்துக்கு அழைத்தால் இசை கேட்கும். நேரமும் விலையும் தண்டமும் ஒரு பக்கத்துக் கையிலேயே இருக்கும்போது மற்றப் பக்கம் சுயாதீனமாக இருப்பது எப்படி என்று எங்களுக்குப் புரியவில்லை.

ஒப்பந்தத்தில் என்ன பெயர் போட்டாலும் சட்டம் உண்மை நிலையைப் பார்க்கும் என்று தொழில் விவகாரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 48ஆம் பிரிவு, சேவை ஒப்பந்தத்தில் இருப்பவரை மட்டுமல்ல, ஏதாவது ஒரு வேலையைத் தன் கையால் செய்து கொடுப்பதாக ஒப்பந்தம் செய்தவரையும் தொழிலாளி என்றே கொள்கிறது. அந்த ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும் என்றுகூட இல்லை, வாய்மொழி போதும். எங்களுடைய பார்சலை நாங்களேதான் கொண்டுபோகவேண்டும், வேறொருவரை அனுப்பினால் கணக்கு முடக்கப்படும் என்று நிறுவனங்களே எழுதிவைத்திருக்கின்றன. அதைவிட ஒரு சான்று வேண்டுமா? 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்திலும் துண்டு வேலை, தரகுக்கூலி, தற்காலிகம் என்று எந்த முறையில் சம்பளம் பெற்றாலும் ஊழியருக்கு விலக்கு இல்லை. தொழில்தருநர் 12 வீதமும் நாங்கள் 8 வீதமும் கட்டவேண்டும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 வீதம் அவர்கள் போடவேண்டும். எங்களில் யாருக்கும் இந்த நிதிகளில் உறுப்பினர் இலக்கம் கிடையாது.

இனிச் சம்பளக் கதை. இதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்கவேண்டும், ஏனென்றால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நாங்கள் நன்றாக உழைப்பதுபோலத் தெரியும்.

நகரத்துக் கடையொன்றிலிருந்து நிலாவெளி ஹோட்டலுக்கு இரண்டு கொத்து ரொட்டி போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போக ஏறத்தாழ 15 கிலோமீற்றர். அந்தத் தூரத்துக்கு ஒரு தொகை உண்டு. திரும்பி வருகிற 15 கிலோமீற்றருக்கு ஒரு சதமும் இல்லை, ஏனென்றால் பை வெறுமையாக இருக்கிறது. பெற்றோலுக்குப் பை வெறுமையா நிரம்பியதா என்று தெரியாது. போவதற்கு முன்னால் கடை வாசலில் நிற்கவேண்டும். கொத்துக்கல்லில் வரிசை இருந்தால் அரை மணித்தியாலமும் போகும். அந்த நேரத்துக்கும் காசு இல்லை. கடைக்காரர் தாமதித்தால் வாடிக்கையாளர் எங்களுக்குத்தான் ஏசுவார், குறைந்த புள்ளியும் எங்களுக்குத்தான் விழும். வெள்ளைக்காரர் வருகிற மே முதல் செப்டெம்பர் வரையான காலத்தில் உப்புவெளி, நிலாவெளி ஓட்டங்கள் நிறைய வரும், அதை வைத்துத்தான் மற்ற மாதங்களைச் சமாளிக்கிறோம். ஒக்டோபரில் வாடை மழை தொடங்கினால் கடற்கரைப் பக்கம் வெறிச்சோடிவிடும். அப்போதும் லீசிங் தவணை அதே திகதியில் வந்து நிற்கும்.

பார்சல் கொடுக்கிறவர்கள் நிலை வேறு மாதிரி. வீட்டு வாசலில் காசு வாங்கிக்கொண்டு பொருளைக் கொடுக்கிற ஓடர்கள்தான் அநேகம். ஒப்படைத்த பார்சலுக்கு மட்டும்தான் கூலி. முகவரியில் பள்ளிவாசலுக்குப் பின்னால் மூன்றாவது ஒழுங்கை என்று இருக்கும், கைபேசி நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும், அல்லது அக்கா வந்து, தம்பி, சம்பளம் வந்ததும் எடுக்கிறேன் என்பார். பொருள் திரும்பிப்போகும். எங்களுக்குப் பெற்றோலும் அழைப்புச் செலவும் நட்டம். ஒரே வீட்டுக்கு மூன்று தரம் போய்க் கூலி கிடைக்காதவர்கள் எங்களில் இருக்கிறார்கள். மாலையில் காசு கட்டும்போது குறைந்தால் எங்கள் கணக்கில், கள்ளநோட்டு இருந்தால் எங்கள் கணக்கில், பெட்டி மழையில் நனைந்திருந்தால் அதுவும் எங்கள் கணக்கில். எவ்வளவு எதற்காக வெட்டினார்கள் என்று ஒரு துண்டு தருவதில்லை. எங்கள் மடியில் மற்றவருடைய பெருந்தொகையை வைத்துக்கொண்டு இருட்டில் ஓடுகிறோம் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

இந்த ஆண்டு சனவரி முதல் தேசிய குறைந்தபட்ச வேதனம் மாதம் 30,000 ரூபா, நாளுக்கு 1,200 ரூபா. பெற்றோல், ஒயில், டயர், லீசிங், கைபேசி டேட்டா எல்லாம் கழித்தபிறகு காலை முதல் இரவு வரை நின்ற ஒருவருக்கு இந்த 1,200 மிஞ்சாத நாட்கள் எங்களுக்குள் சாதாரணம். கடையில் பாத்திரம் கழுவுகிற தம்பிக்குச் சட்டம் அந்தத் தொகையை உறுதி செய்கிறது. அதே கடையின் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவருக்கு இல்லை. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம் என்று வரையறுத்து, அதற்கு மேல் ஒன்றரை மடங்கு என்கிறது. உணவகங்களும் அந்தச் சட்டத்துக்குள்தான் வருகின்றன.

எரிபொருள் விலையின் ஆபத்து முழுவதும் எங்கள் தலையில்தான் என்பதை 2022 நன்றாகக் காட்டியது. அந்த ஆண்டு ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவானது. பிறகு எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குத் தொடக்கத்தில் கிழமைக்கு 4 லீற்றர்தான். அப்போது இந்த வேலையில் இருந்த அண்ணாமார் சிலர் சைக்கிளில் ஓடினார்கள். விலை ஏறினால் கட்டணமும் ஏறவேண்டும் என்று ஒரு ஏற்பாடு அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

இன்னும் சில நாட்களில் நோன்பு தொடங்குகிறது. கிண்ணியாவிலும் நகரத்திலும் நோன்பு திறக்கும் நேரத்துக்கு முன்னால் ஓடர்கள் குவியும், எல்லாம் மஃரிபுக்கு முதல் போய்ச் சேரவேண்டும். கொண்டுபோகிறவரும் நோன்பாளிதான். தண்ணீர் குடிக்காத உடம்போடு, வெறிபிடித்ததுபோல ஓடவைக்கிற அந்த ஒரு மணித்தியாலத்தில்தான் விபத்து நடக்கப்போகிறது என்ற பயம் எங்களுக்கு இருக்கிறது. நோன்பு மாதத்துக்காவது தாமதத் தண்டத்தை நிறுத்தச் சொல்லி நீங்கள் ஒரு அறிவித்தல் அனுப்பினால் பெரிய உதவி.

விபத்து பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறோம். கடந்த மழைக்காலத்தில் எங்கள் நண்பர் ஒருவர் இரவில் நிலாவெளி வீதியில் படுத்திருந்த மாட்டைக் கடைசி நேரத்தில் கண்டு பிறேக் பிடித்து விழுந்தார். கால் முறிந்தது. அரச வைத்தியசாலையில் இலவசமாகப் பார்த்தார்கள், அதில் குறையில்லை. அவர் வேலை செய்த நிறுவனத்திலிருந்து ஆள் வந்தது, பையில் இருந்த பார்சலையும் வசூல் காசையும் எண்ணி எடுத்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு ஒரு அழைப்பும் இல்லை. அவருடைய மோட்டார் சைக்கிளுக்கு இருந்தது மூன்றாம் தரப்புக் காப்புறுதி, அது அவர் மோதியிருக்கக்கூடிய மற்றவருக்கு, அவருடைய காலுக்கு அல்ல. வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934 முதல் இருக்கிறது, 2022இல் திருத்தி உச்சத் தொகையை 20 இலட்சம் ரூபாவாக்கினார்கள். ஆனால் அவர் ஊழியரே இல்லையென்றால் அந்தக் கதவைத் தட்டவும் முடியாது. (மாடுகள் போதாதென்று கோட்டைப் பக்கம் இரவில் மான்களும் குறுக்கே வரும். சுற்றுலாப் பயணிகள் படம் எடுப்பார்கள், நாங்கள் பிறேக் பிடிப்போம்.)

முதலாளிமார் பக்கத்தையும் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. நகரத்தில் சில சிறிய கடைக்காரர்கள் நாட்கூலி பேசி, இரண்டு நேரச் சாப்பாடும் கொடுத்து, மழை என்றால் ஓடரை நிறுத்தியும் விடுகிறார்கள். அவர்களோடு எங்களுக்குப் பிரச்சினை இல்லை. விருப்பமான நேரம் வேலை செய்யலாம் என்ற சுதந்திரம் எங்களில் படிக்கிறவர்களுக்குத் தேவை, அதைப் பறிக்கச் சொல்லவும் இல்லை. கட்டணத்தைக் கூட்டினால் ஓடர் குறையும் என்று நிறுவனங்கள் சொல்லும். குறையலாம். ஆனால் இப்போதைய மலிவு விலையின் ஒரு பகுதியை எங்கள் பெற்றோல் தாங்கியிலிருந்துதான் எடுக்கிறார்கள். பேசாமல் இருங்கள், நிறுவனம் ஊரைவிட்டுப் போய்விடும் என்று எங்களுக்குள்ளேயே சொல்கிறவர்களும் உண்டு. இவ்வளவு கடையும் இவ்வளவு வாடிக்கையாளரும் இருக்கிற ஊரை விட்டு அவ்வளவு லேசில் போவார்கள் என்று நாங்கள் நம்பவில்லை.

இது நாங்கள் மட்டும் கிளப்புகிற புதுக் கதையும் அல்ல. தமிழ்நாட்டில் 2023இல் இப்படிப்பட்ட தொழிலாளருக்கு நலவாரியம் அமைத்தார்கள். சென்ற ஆண்டு ஜூனில் ஜெனீவாவில் நடந்த சர்வதேச தொழிலாளர் மாநாட்டில் செயலிவழி வேலைகளுக்கான உடன்படிக்கை பற்றிய பேச்சு தொடங்கியிருக்கிறது.

ஆகவே, உங்களுடைய தொழில் அலுவலர்கள் நகரத்திலுள்ள பார்சல் சேகரிப்பு நிலையங்களுக்கும் டெலிவரி நடத்தும் உணவகங்களுக்கும் நேரில் வந்து, ஒப்பந்தங்களையும் கொடுப்பனவு விபரங்களையும் எடுத்துப் பார்த்து, மேலே சொன்ன சட்டங்களின்படி எங்கள் நிலை என்ன என்று முடிவு தரவேண்டும். பிற்பகல் நான்கு மணிக்குப் பிறகு வந்தால் உண்மை நிலை தெரியும், காலையில் வந்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும். ஊழியர் என்று கண்டால் சேமலாப நிதி, நம்பிக்கை நிதி நிலுவைகளை அறவிட்டுத் தரவேண்டும்.

அந்த முடிவு வரும்வரை காத்திருக்க முடியாத சில விடயங்களும் இருக்கின்றன. கட்டண விபரமும் ஒப்பந்தமும் தமிழிலும் சிங்களத்திலும் தரப்படவேண்டும். கிழமைக்கு ஒருமுறை ஓட்டங்களும் வெட்டுகளும் தெரியக்கூடிய கணக்குத் துண்டு வேண்டும். திரும்பி வருகிற தூரத்துக்கும் கடை வாசலில் நிற்கிற நேரத்துக்கும் ஒரு குறைந்தபட்சத் தொகை பேசி முடிக்க, நிறுவனங்களையும் எங்களையும் உங்கள் அலுவலகத்தில் ஒரே மேசையில் இருத்தவேண்டும். வேலை நேரத்தில் விபத்து நடந்தால் அதை உங்களுக்கு அறிவிப்பது நிறுவனத்தின் கடமை என்று எழுத்தில் உத்தரவு போகவேண்டும். அத்துடன், சாரதி அனுமதிப்பத்திரம் இல்லாத, 18 வயது ஆகாத தம்பிமாரை அண்ணனுடைய கணக்கில் ஓடவிடுவதைச் சில இடங்களில் கண்டும் காணாமல் விடுகிறார்கள். அதைத் தடுப்பது எங்கள் வருமானத்துக்காக அல்ல, அந்தப் பிள்ளைகளுக்காக.

இந்த மனுவில் கையெழுத்திட்டவர்களின் பெயர்ப் பட்டியலைத் தனி உறையில் இணைத்திருக்கிறோம். அதை எந்த நிறுவனத்துக்கும் காட்டவேண்டாம் என்று மன்றாட்டமாகக் கேட்கிறோம். முறைப்பாடு செய்தவருக்கு ஓடர் வராமல் செய்ய ஒரு நிமிடம் போதும், காரணமும் எழுதத் தேவையில்லை. மனு கிடைத்ததற்கு ஒரு பதிலும், எங்களில் ஐந்து பேரைச் சந்திக்க ஒரு நேரமும் தந்தால் போதும். பகல் பதினொரு மணிக்கு முதல் எந்த நாளும் வரமுடியும், அதற்குப் பிறகு மதியச் சாப்பாட்டு ஓடர்கள் தொடங்கிவிடும்.

இப்படிக்கு,
திருகோணமலை நகரிலும் அயலிலும் டெலிவரி வேலை செய்யும் இளைஞர்கள்
(கையெழுத்துகள் தனி உறையில்)

பிரதிகள்:
மாவட்டச் செயலாளர், திருகோணமலை
தொழில் ஆணையாளர் நாயகம், கொழும்பு