வாசகசாலைச் சங்கத்தின் ஆண்டறிக்கை, யாங்கோன்

தலைவர் ஐயா அவர்களுக்கும் சபையில் கூடியிருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஞாயிறு தமிழ் வகுப்பு, பொங்கல் விழா, ஆடிக் கூழ் எல்லாம் வழக்கம்போல் நடந்தன. நூலகத்தில் கரையான் அரித்த அலமாரியை மாற்றியாயிற்று. இந்த ஆண்டின் பெரிய நிகழ்ச்சி, விமானியாக இருந்து பின்னால் ஒடிசா முதலமைச்சரான பிஜு பட்நாயக்கின் நினைவுக் கூட்டம். பெரிய சச்சரவும் அதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அவர் மறைந்தது 1997 ஏப்ரல் 17. இங்கே அந்தத் தேதியில் பர்மியப் புத்தாண்டு. தண்ணீர்த் திருவிழா முடிந்த களைப்பில் யார் கூட்டத்துக்கு வருவார்கள்? ஆகவே பிறந்த நாளான மார்ச் 5-ஐ ஒட்டிய ஞாயிறன்று வைத்துக்கொண்டோம்.

செயற்குழுவில் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, "1942-இல் வெள்ளைக்காரக் குடும்பங்களை ரங்கூனிலிருந்து விமானத்தில் ஏற்றிப் போனவருக்கு நாம் மாலை போடுவதா? எங்கள் ஆத்தா மணிப்பூர் எல்லையில் உள்ள தமு வழியாக நடந்தல்லவா போனாள்!" என்று கேட்டார். கேள்வி நியாயமானதே. 1941 டிசம்பர் 23-இல் நம் ஊரில், அன்றைய ரங்கூனில், ஜப்பானியர் குண்டு விழுந்தது முதல், இந்தியர்கள் லட்சக்கணக்கில் அரக்கான் பக்கமும் மணிப்பூர் பக்கமும் கால்நடையாகப் போனார்கள். காலராவிலும் மலேரியாவிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். விமானத்தில் இடம் யாருக்குக் கிடைத்தது என்ற பேச்சு நம் வீடுகளில் இன்னும் ஓயவில்லை.

ஆனால் யாரை ஏற்றுவது என்று தீர்மானித்தது விமானி அல்ல, அரசாங்கம். விமானப்படை உடுப்பைப் போட்டுக்கொண்டே இந்தியச் சிப்பாய்களுக்குச் சுதந்திரப் போராட்டத் துண்டறிக்கைகளை வீசியவரும், தலைமறைவாக இருந்த காங்கிரஸ்காரர்களுக்கு உதவியவரும் இதே பட்நாயக்தான். அதற்காக 1943-இல் சிறைக்குப் போனார். இதையெல்லாம் எடுத்துச் சொன்ன பிறகு தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்த பெரியவரும் கூட்டத்துக்கு வந்தார். முழுச் சமாதானம் ஆனாரா என்பது வேறு விஷயம்.

கூட்டத்தில் எல்லோரையும் பிடித்து உட்கார வைத்தது ஜாவா கதை. 1947 ஜூலையில் டச்சுப் படை இந்தோனேசியக் குடியரசைத் தாக்கியதும், முன்னாள் பிரதமர் சுதன் ஜாரிரை வெளியே கொண்டுவர நேரு பட்நாயக்கைக் கேட்டுக்கொண்டார். வான்வழி டச்சுக்காரர் கையில். இவர் மனைவி ஞான் பட்நாயக்கையும் உடன் அழைத்துக்கொண்டு டக்கோட்டா விமானத்தில் போய், ஜாரிரைச் சிங்கப்பூர் வழியாக டில்லி சேர்த்தார். அடுத்த மாதமே ஜாரிர் ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் தன் நாட்டுக்காகப் பேசினார். இந்தோனேசியா பட்நாயக்குக்குப் 'பூமி புத்ரா' என்ற கௌரவம் அளித்தது.

டக்கோட்டா படம் திரையில் வந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. ஓய்வுபெற்ற மெக்கானிக் அண்ணன் ஒருவர் கைபேசி வெளிச்சத்தில் தன் டிபன் மூடியைச் சரித்துப் பிடித்து, வால் சக்கரம் தாழ்ந்திருப்பதால் தரையில் நிற்கும்போது உள்ளே மேடேறுவதுபோல் நடந்துதான் இருக்கைக்குப் போக வேண்டும் என்று காட்டினார். ஜெனரேட்டர் ஓடத் தொடங்கிய பிறகும் பிள்ளைகள் அவரை விடவில்லை.

அரசியல் பகுதி சீக்கிரம் முடிந்தது. 1961-இல் ஒடிசா முதலமைச்சர். 1963-இல், மூத்த தலைவர்கள் பதவியை விட்டுக் கட்சி வேலைக்குத் திரும்ப வேண்டும் என்ற காமராஜர் திட்டப்படி, காமராஜரைப் போலவே இவரும் பதவி விலகினார். காமராஜர் பெயரைக் கேட்டதும்தான் சபையில் கைதட்டல்! 1977-இல் பிரதமர் மொரார்ஜி தேசாயின் அமைச்சரவையில் எஃகு, சுரங்கத் துறை. 1990 முதல் 1995 வரை மறுபடியும் முதலமைச்சர். என்னைக் கேட்டால், அவர் வகித்த பதவிகளைவிட ஒடிசாவின் பாராதீப் துறைமுகத்துக்காக அவர் பட்ட பாடுதான் பெரிது.

அப்புறம், மழைக்காலத்தில் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகள் வரவு குறைந்தது. பெற்றோர் கவனிக்க வேண்டும். ஜெனரேட்டரைக் கல்யாணத்துக்கு இரவல் வாங்குவோர் டீசல் நிரப்பித் திருப்பித் தரவும். வரவு செலவைப் பொருளாளர் இப்போது வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்