பத்மா வீட்டுச் சுவரில் ஒரு செம்பு

ஆற்காடு,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள சரோ,

திட்டாதே. பொங்கலுக்கு நீ போட்ட கடிதம் பீரோவில் பத்திரமாக இருக்கிறது, பதில்தான் போடவில்லை. முழங்கால் அப்படியேதான். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மாமியார் இந்த வயதிலும் என்னைவிட நன்றாக முறுக்கு கடிக்கிறார். உன் பெண்ணுக்கு ஏழாம் மாதம் என்று பத்மா சொன்னாள், சந்தோஷம். லண்டனுக்கு எப்போது கிளம்புகிறாய் என்று எழுது, உனக்கு அங்கே ஒரு வேலை வைத்திருக்கிறேன். அது கடைசியில்.

இப்போது விஷயம் பத்மா. அவளோடு நீ பேச வேண்டும். ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

வாலாஜாவில் அவர்கள் வீட்டுப் பின்கட்டை இடித்துவிட்டு இரண்டு கடை கட்டுகிறார் அவள் வீட்டுக்காரர். அந்தக் காலத்துச் சுவர், இரண்டடி கனம், சுண்ணாம்புக் காரை. கடப்பாரைக்கே மசியவில்லையாம். விளக்கு மாடத்துக்குக் கீழே உடைக்கும்போது ஒரு பித்தளைச் செம்பு கிடைத்திருக்கிறது. வாயில் துணி சுற்றிச் சுண்ணாம்பு பூசி, உள்ளே முழுக்க வெள்ளி ரூபாய். "எல்லாம் உருது எழுத்துடி, உனக்குத்தான் பழைய காசுப் பைத்தியம் உண்டே, வந்து பார்" என்று போனில் கத்தினாள். அடுப்பை அணைத்துவிட்டு ஆட்டோ பிடித்தேன். பாலாற்றுப் பாலம் அன்றைக்கு எவ்வளவு நீளமாக இருந்தது தெரியுமா?

நான் போய்ச் சேருவதற்குள் அவள் காரியத்தை முடித்திருந்தாள். புளி. பூஜைப் பாத்திரம் மாதிரி பாதிக் காசைப் புளி போட்டுத் தேய்த்து முறத்தில் காயவைத்திருக்கிறாள். பளபளவென்று இருக்கிறதாம், பெருமை வேறு. பழைய காசைத் தேய்த்தால் அதன் மேல்பூச்சும் போகும், எழுத்தின் முனையும் போகும், வாங்குகிறவன் முதலில் பார்ப்பதே அதைத்தான் என்று எத்தனை முறை அவளிடம் சொல்லியிருப்பேன்! மீதியை நான் பிடுங்கி என் முந்தானையில் வைத்துக்கொண்டேன்.

நாற்பதுக்குக் கொஞ்சம் குறைவு. அத்தனையும் ஆற்காட்டு ரூபாய், சரோ. நீ உடனே "தகரம் பொறுக்கி" என்று ஆரம்பிக்காதே, இந்த ஒரு தடவை கேள்.

நவாபுகளுடைய ஆற்காட்டு ரூபாய்க்குத் தெற்கே நல்ல பெயர். அதனால் 1736-ல் பிரெஞ்சுக்காரர்கள் அதே ரூபாயைப் பாண்டிச்சேரியில் அடிக்க அனுமதி வாங்கினார்கள். 1742-ல் இங்கிலீஷ்காரர்களின் கிழக்கிந்தியக் கம்பெனியும் மதராஸில் அடிக்க அனுமதி வாங்கியது. எங்கே அடித்தாலும் காசில் ஊர்ப் பெயர் 'அர்காட்' என்றுதான் இருக்கும். ஜனங்கள் நம்பினது அந்தப் பெயரைத்தானே? எங்கே அடித்தது என்று கண்டுபிடிக்க ஒரு சின்ன அடையாளத்தைத் தேட வேண்டும். மதராஸ் காசில் தாமரை இருக்கும், பாண்டிச்சேரிக் காசில் பிறை. பிற்பாடு கம்பெனி கல்கத்தாவில்கூட நம் ஊர்ப் பெயர் போட்டு அடித்தது, அதில் ரோஜா. நம் ஊருக்கு இப்போது மிச்சம் டெல்லி கேட்டும் மக்கன் பேடாவும்தான். ஒரு காலத்தில் இந்தப் பெயர் இல்லாவிட்டால் வெள்ளிகூடச் செல்லவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

இன்னொரு கூத்து கேள். மதராஸ் காசில் இருக்கிற ராஜா பெயர் டெல்லி பாதுஷா இரண்டாம் ஆலம்கீர். ஹிஜ்ரி, அதாவது முஸ்லிம் வருடக் கணக்கில் 1172, ஆட்சி ஆண்டு 6. அந்த மனுஷனை 1759-லேயே கொன்றுவிட்டார்கள். கம்பெனி அசரவில்லை. செத்தவர் பெயரையும் அதே 1172-ஐயும் போட்டுப் பல பத்து வருடம் அடித்துக்கொண்டே இருந்தது. 1807-ஐ ஒட்டி மதராஸில் மெஷின் வந்து, காசு நல்ல வட்டமாகி, விளிம்பில் வரியெல்லாம் போட்டார்கள். அப்போதும் உள்ளே 1172 மாறவில்லை. 1835-ல் இங்கிலாந்து ராஜா நாலாம் வில்லியம் தலை போட்ட ரூபாய் வந்த பிறகுதான் இந்தக் கதை முடிந்தது. பாங்க் கவுண்டரில் உட்கார்ந்திருந்த காலத்தில் தேதி தப்பான செக்கை எத்தனை பேர் முகத்துக்கு நேராகத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்! இவர்களிடம் யார் கேட்டார்கள்?

செம்பில் இரண்டு வகையும் இருந்தன. கையால் அடித்த பழசு தடியாக, கோணலாக இருக்கும். அச்சு பெரிசு, காசு சின்னது, அதனால் எழுத்தில் பாதிதான் விழுந்திருக்கும். மெஷின் காசில் எல்லாம் முழுசு. எழுத்து சொல்லிக்கொடுத்த மேல்விஷாரம் ஹஜ்ரத் புண்ணியத்தில் நான் ஆட்சி ஆண்டைச் சொல்கிற அந்த "சன ஜுலூஸ் மைமனத் மானூஸ்" வரியைத் தடவியே படித்துவிடுவேன், நீ மந்திரவாதி என்று கேலி பண்ணுவாயே, அதேதான். சில காசில் குட்டிக் குட்டியாகக் குத்து இருக்கிறது. காசு மாற்றிக் கொடுக்கிற சராப்புகள் வெள்ளியைச் சோதித்துப் பார்த்து வைத்த முத்திரை. நம் தொழில் முன்னோர்கள் என்று அதைக் கும்பிட்டேன்.

ஒன்றே ஒன்றில் பிறை.

வேலூர்க் கோட்டை மியூசியத்துக்குப் போனால் கண்ணாடிப் பெட்டியை விட்டு நகராமல் நிற்கிறவள் நான். பாண்டிச்சேரி அடித்த ஆற்காட்டு ரூபாய் ஒன்று என்னிடம் இல்லை என்பது உனக்கே தெரியும். பத்மா வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். அதை எடுத்து என் கையில் வைத்து, "மேடம், இது உங்களுக்கு. விஷயம் மட்டும் நம்ம நாலு பேருக்குள்ளயே இருக்கட்டும்" என்றார். நான் திருப்பி வைத்துவிட்டேன். உடனே வைத்தேன் என்று மட்டும் நினைக்காதே.

அவர் ஆட்டம் தனி. முதல் இரண்டு நாள் அவர் கோடீஸ்வரர். ஏதோ வீடியோவில் பழைய காசு ஒன்றுக்குப் பத்து லட்சம் என்று பார்த்துவிட்டு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். எதிராளி ரிசர்வ் வங்கிப் பெயர் போட்ட ஒரு லெட்டரைக் காட்டிப் பதிவுக் கட்டணம் கேட்டிருக்கிறான். நல்லவேளை, பத்மா என்னிடம் கேட்டாள். ரிசர்வ் வங்கி பழைய காசு வாங்குவதும் இல்லை விற்பதும் இல்லை, இப்படித் தன் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறார்கள் என்று 2021-லேயே அறிக்கை விட்டது என்று சொல்லிப் பணம் கட்டாமல் தடுத்தேன். மூன்றாம் நாள் அப்படியே தலைகீழ். "சனியனை சேட்டுக் கடையில் உருக்கிவிடலாம், எடைக்கு எடை கையில் காசு" என்கிறார். ஒரு ரூபாய் பதினொரு கிராமுக்குக் கொஞ்சம் மேலே வரும். அதில் அழுக்கு, சேதாரம் என்று சேட்டு எவ்வளவு கழிப்பாரோ.

நான் நம் வக்கீல் மைலாப்பூரிடம் போனில் கேட்டேன். (அவள் இன்னும் கோர்ட்டுக்குப் போகிறாள், குரல் மட்டும் அப்படியே.) புதையல் சட்டம் 1878-ல் போட்டது, இன்றைக்கும் அதுதான். மண்ணிலோ, மண்ணோடு சேர்ந்த கட்டடத்திலோ மறைந்திருந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் போனால் கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். சொல்லாவிட்டால் அவருடைய பங்கு போய்விடும், ஜெயிலும் உண்டு. வீட்டுக்காரருக்கு கலெக்டர் ஆபீஸ் வேலூர்கூட இல்லை, 2019-லிருந்து ராணிப்பேட்டையே மாவட்டம், பத்து நிமிஷ தூரம். சர்க்கார் சும்மா பிடுங்கிக்கொள்ளும் என்று பயப்படுகிறார். அப்படி இல்லையாம். காசை எடுத்துக்கொள்வதானால் உலோக மதிப்பும் அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துத் தர வேண்டும். சேட்டு இதைத் தருவாரா?

இதைச் சொன்னால் மனுஷன் ஓடிப்போய் மனு எழுதுவார் என்று நினைத்தேன். முகம் செத்துப்போயிற்று. ஏன் தெரியுமா? காசுக்கு உரியவர் யாரும் இல்லை என்று ஆகிவிட்டால் கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, இடத்துக்காரருக்குக் கால் பங்கு. கண்டெடுத்தது இவர் இல்லை. சுவர் இடித்த சித்தாள் பையன்.

திமிரிப் பக்கத்துப் பையன், இருபது வயது இருக்கும். கடப்பாரையில் டங்கென்று சத்தம் கேட்டு நிறுத்தி, கையால் தோண்டிச் செம்பை எடுத்து, மூடியைக்கூடத் திறக்காமல் பத்மாவிடம் கொடுத்திருக்கிறான். அவனுக்கு ஐந்நூறு ரூபாயும் ஒரு வேட்டியும் கொடுத்து வாயை மூடச் சொல்லியிருக்கிறார்கள். நான் காசைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தயங்கித் தயங்கி வந்து நின்றான். "இதுல என்ன மேடம் எழுதியிருக்கு?" ஆற்காடு என்றேன். "நம்ம ஆற்காடா?" என்று சிரித்தான். அவன் நினைத்திருந்தால் செம்பைச் சாக்கில் சுற்றிக்கொண்டு சாயங்காலம் பஸ் ஏறியிருக்கலாம். ஒரு ஈ காக்கைக்குத் தெரிந்திருக்காது.

வீட்டுக்காரர் இப்போது புதுசாக, எங்கள் கொள்ளுத்தாத்தா வைத்தது என்கிறார். அந்த வீடு அவர் தாத்தா ஒரு துணி வியாபாரியிடம் வாங்கினது, கல்யாணத்தன்று அவரே நமக்குப் பெருமையாகச் சொன்ன கதைதானே அது? சுவர் அதற்கும் முந்தியது. நூறு வருடத்துக்குள் வைத்தது, வைத்தவருக்கு நான் வாரிசு என்று காட்ட முடிந்தால் கோர்ட்டில் பார்க்கலாம் என்கிறாள் மைலாப்பூர். காட்டட்டும், எனக்கு என்ன ஆட்சேபணை? உருக்கிவிட்டு அப்புறம் எதைக் காட்டுவது?

எனக்கு இரண்டும் சேர்ந்து வலிக்கிறது, சரோ. உருக்கினால் போவது வெள்ளி இல்லை. இந்தச் செம்பில் கையடிக் காசும் மெஷின் காசும் ஒன்றாக இருக்கிறது, மதராஸ் காசோடு பாண்டிச்சேரிக் காசு கலந்திருக்கிறது. வாலாஜாவில் ஒருத்தர் கையில் எந்த எந்தக் காசெல்லாம் புழங்கியது என்று இதை வைத்துத்தான் தெரியும். ஒன்று ஒன்றாக விற்றாலே அந்தக் கணக்கு போய்விடும், உருக்கினால் கேட்கவே வேண்டாம். அப்புறம் அந்தப் பையன். என்னிடம் பத்மா சொன்னது, "அவனுக்கு எதுக்குடி அவ்வளவு, குடிச்சே அழிப்பான்." நம்ம பத்மா. மெஸ் பணம் கட்டாத பெண்ணுக்குத் தன் வளையலை அடகு வைத்தவள்.

நான் சொன்னால் அவள் கேட்க மாட்டாள். காசு ஆசையில் பேசுகிறேன் என்பாள், அந்தப் பிறையை நான் எப்படிப் பார்த்தேன் என்று அவளுக்குத் தெரியும். நீ சொன்னால் கேட்பாள். அவளுக்கு அன்றைக்கும் இன்றைக்கும் உன்னிடம்தான் பயம். வீட்டுக்காரரிடம் நேராகப் போகாதே, முறுக்கிக்கொள்வார். பத்மாவிடம் ஜெயிலைச் சொல்லிப் பயமுறுத்து, அப்புறம் வளையலை ஞாபகப்படுத்து. மனுவில் கண்டெடுத்தவர் என்ற இடத்தில் பையன் பெயர் இருக்க வேண்டும், அதில் மட்டும் விட்டுக்கொடுக்காதே. எழுதித் தருவது என் வேலை. கூட ராணிப்பேட்டைக்குப் போகவும் தயார்.

லண்டன் வேலை இதுதான். 1809 ஜனவரியில் 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கம்பெனிக் கப்பல் மதராஸுக்குக் கிளம்பி, இங்கிலாந்துக் கரையிலேயே குட்வின் மணல் திட்டில் மோதி மூழ்கியது. உள்ளே நமக்காக பர்மிங்ஹாம் பக்கத்தில் அடித்த 10 காசு, 20 காசுச் செம்பு நாணயங்கள், டன் கணக்கில், 1808 என்று போட்டு. 1980-களில் முத்துக்குளிக்கிற மாதிரி மூழ்கி எடுத்தார்கள். இன்றைக்கும் அங்கே சல்லிசாகக் கிடைக்கும். ஒரு 20 காசு வாங்கி வா, சிங்கம் நன்றாகத் தெரிகிறதா என்று பார்த்து. பேரப்பிள்ளைக்கு நடுவில் மறந்துவிடாதே.

ஆனால் அது மெதுவாக. பத்மா வீட்டுக்காரர் திங்கட்கிழமை சேட்டுக் கடைக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறார், இந்தக் கடிதம் உனக்கு நாளைக்குக் கிடைக்க வேண்டும் என்று கூரியரில் போடுகிறேன். கிடைத்ததும் பத்மாவுக்குப் போன் போடு. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் போடு, அவர் தூங்குவார்.

அன்புடன்,
கல்யாணி