ஓடும் வண்டி, ஓடாத ஏசி

நாமக்கல்
14.5.2026

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பா எழுதுவது. வீட்டில் அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி சற்றுக் குறைந்திருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேசியபோது, புது லாரியின் ஏசிக்குப் பாகம் வராமல் ஒரு மாதத்துக்கு மேலாகத் தவிக்கிறோம் என்று நான் சொன்னேன். "கேட்பவர்கள் இல்லாத பாகத்தை எந்தக் கம்பெனியும் கிடங்கில் அடுக்கி வைக்காது அப்பா, எண்ணிக்கை வந்தால்தான் இருப்பு வைப்பார்கள்" என்று நீ பதில் சொன்னாய். அதன் பிறகு நான் பேசாமல் இருந்ததைக் கோபம் என்று எடுத்துக்கொண்டு மறுநாள் அம்மாவிடம் வருத்தப்பட்டாயாம். கோபம் இல்லை, கண்ணு. எந்தக் கிடங்கில் எந்தப் பாகம் எத்தனை இருக்க வேண்டும் என்று கணக்கிடுவதுதான் புனேயில் நீ பார்க்கும் வேலை என்பதால், நீ சொன்னது உன் தொழிலின் நியாயம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த எண்ணிக்கை உங்கள் கணக்குக்கு ஏன் வந்து சேர்வதில்லை என்பதற்கு என்னிடம் ஒரு விடை இருக்கிறது. அதைத் தொலைபேசியில் அவசரமாகச் சொல்ல முடியாது என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இந்த வண்டியை வாங்கிய கதை உனக்குப் பாதிதான் தெரியும். சரக்கு வண்டிகளுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்தது. 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகள் 2025 அக்டோபர் 1 முதல் ஏசி கேபினுடன்தான் தயாராக வேண்டும் என்று 2023 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையும் அதே சமயத்தில் நடைமுறைக்கு வந்தது. இரண்டு ஆண்டுகளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த முடிவை இந்த இரண்டையும் பார்த்துத்தான் தை மாதத்தில் எடுத்தேன். டிரைவருக்கு எதற்கு ஏசி, தூங்கிவிடுவான், டீசல் கூடுதலாகக் குடிக்கும் என்று லாரி புக்கிங் ஆபீஸில் சொன்னவர்கள் உண்டு. நானும் இருபத்தைந்தாவது வயதில் ஸ்டியரிங் பிடித்தவன் என்பதால் அந்தப் பேச்சை நான் ஏற்கவில்லை. குளிர்ச்சியில் தூங்கிய டிரைவரை விட, இரவெல்லாம் ஓட்டிவிட்டுப் பகலில் கொதிக்கும் கேபினில் உறக்கம் வராமல் புரண்டு, மறுநாள் இரவு கண் சொருகிப்போன டிரைவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

நீ மாமா என்று அழைக்கும் நம் மூத்த டிரைவரிடம்தான் முதல் சாவியைக் கொடுத்தேன். இங்கிருந்து ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு நாக்பூர் போய், துவரம்பருப்பு ஏற்றிக்கொண்டு திரும்பும் அதே 44-ஆம் எண் நெடுஞ்சாலைதான் அவருக்கு. மாசி மாதத்தில் முதல் நடை முடித்து வந்தவர், வழக்கமாகச் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு இறங்குபவர், போட்ட சட்டை கசங்காமல் இறங்கினார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்தபோது, டியூ கட்டுவதைப் பற்றிய கவலையெல்லாம் எனக்குச் சிறிது நேரம் மறந்துபோயிற்று.

ஏப்ரல் 6-ஆம் தேதி நிர்மல் தாண்டி அதிலாபாத் போகும் வழியில் காற்று வந்தது, குளிர் வரவில்லை. சாலையோர மெக்கானிக் ஒருவர் குளிரூட்டும் கேஸ் குறைந்துவிட்டது என்று ஏற்றிக் கொடுத்தார். நாக்பூர் போவதற்குள் அதுவும் போயிற்று. திரும்பும் வழியில் இன்னொருவர், சேலத்தில் மூன்றாமவர் என்று மூன்று முறை கேஸ் ஏற்றினோம். கசிவு எங்கே என்று கண்டுபிடிக்காமல் கேஸ் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான் என்று எனக்குத் தெரியாததல்ல. லோடு காத்திருக்கும்போது வேறு வழி தோன்றவில்லை. கடைசியில் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற பட்டறையில் நைட்ரஜன் அழுத்தம் கொடுத்துச் சோதித்தபோது, கேஸின் வெப்பத்தை வெளியேற்ற ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்சரில், குழாய் பக்கவாட்டுத் தொட்டியோடு சேரும் இடத்தில் கசிவு தெரிந்தது.

அங்கிருந்துதான் உண்மையான அலைச்சல் தொடங்கியது. வண்டி வாரண்டிக்குள் இருக்கிறது. ஆனால் கசிவு தயாரிப்பு இணைப்பில் வந்ததா, கல் பட்டு வந்ததா என்று முடிவு செய்த பிறகே வாரண்டி பேசும் என்றார்கள். புகைப்படம் எடுத்து அனுப்பினார்கள். வெளிச்சம் போதவில்லை என்று திரும்பி வந்தது; மீண்டும் எடுத்தார்கள். ஒப்புதல் வருவதற்குப் பதினொரு நாள் ஆயிற்று. ஒப்புதல் வந்த பிறகு கண்டென்சர் இந்தப் பக்கத்துக் கிடங்கில் இல்லை, வட இந்தியாவிலிருந்து வர வேண்டும் என்றார்கள். இதற்கிடையில் வெளியாரிடம் பிரித்தால் வாரண்டி போய்விடும் என்பதால் கையையும் கட்டிப்போட்டாயிற்று. பட்டறையில் இருந்த பையன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் போகும்போதெல்லாம் கணினியைத் திருப்பிக் காட்டி, தன்னால் இதற்கு மேல் எதையும் அழுத்த முடியாது என்று தலைகுனிந்து நின்றான். தேதியைக் கேட்டால் தேதி இல்லை என்பதுதான் பதிலாக இருந்தது.

பழைய காலம் என்றால் இப்படிக் காத்திருக்க வேண்டியதில்லை என்பது வெறும் ஏக்கம் இல்லை. அப்போது வண்டியில் பழுதாகும் பொருள் அநேகமாக இரும்பாகவோ செம்பாகவோ இருக்கும். நம் ஊர்ப் பட்டறைகளில் கட்டாத பாடியும் இல்லை, ஒட்டாத குழாயும் இல்லை. இந்தக் கண்டென்சரோ நகக்கண் அளவே கனமுள்ள அலுமினியத் தட்டுக் குழாய்களால் ஆனது. ஆர்கான் வெல்டிங் வைத்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். நெடுஞ்சாலை அதிர்வில் பத்து நாள் கூட நிற்பதில்லை. திறந்து கிடக்கும் குழாய்க்குள் காற்றின் ஈரம் புகுந்துவிட்டால், அந்த ஈரம் விரிவாக்க வால்வில் பனிக்கட்டியாக அடைத்துக்கொள்ளும், எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி உள்ளே அரிக்கும். அதனால் ஒருமுறை பிரித்தால் ஈரம் உறிஞ்சும் டிரையரையும் மாற்றியே ஆக வேண்டும். எனவே நமக்குத் தேவை சாமர்த்தியமான கை மட்டும் இல்லை, கண்ணு. சரியான பாகம் சரியான நாளில் வேண்டும்.

இந்த நாட்களில் மாமா எப்படி வண்டி ஓட்டினார் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். டியூ தேதி நமக்காக நிற்காது என்பதால் ஏசி இல்லாமலேயே வண்டியை அனுப்பினேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் மறைக்கவில்லை. இன்ஜின் கேபினுக்கு அடியிலேயே இருக்கிறது. பழைய வண்டியில் நம் ஊரில் கட்டிய கேபினுக்குக் கதவில் முக்கோணக் கண்ணாடி இருக்கும், கூரையில் ஒரு திறப்பு இருக்கும், எங்கிருந்தாவது காற்று நுழைந்து எங்கிருந்தாவது வெளியேறும். புதுக் கேபின் குளிரை உள்ளே காப்பதற்காக இடுக்கெல்லாம் அடைத்துச் செய்யப்பட்டது; ஏசி நின்றுவிட்டால் அதே கேபின் வெப்பத்தைக் காக்கிறது. அதிலாபாத், நாக்பூர்ப் பக்கம் மே மாதத்தில் 45 டிகிரி என்பது புதுச் செய்தி இல்லை. வழியில் ஒதுங்க இடம் கிடைக்காது என்பதற்காகத் தண்ணீரையும் அளந்து குடிப்பார்கள். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே நாளுக்கு 8 மணி நேரம் என்று வேலையை வரையறுத்தது. நெடுந்தூர லாரியில் அந்த நேரம் எப்படிப் போகிறது என்பது உனக்கும் எனக்கும் தெரியும். அப்படி இரண்டாவது நடை முடிந்து வந்தபோது மாமா சொன்ன ஒரே வார்த்தை, "அண்ணா, எனக்குப் பழைய வண்டியையே கொடுத்துவிடுங்கள்" என்பதுதான். அவருக்காகவே வாங்கிய வண்டி அது.

இது என் ஒருவன் கதை என்றால் நான் இத்தனை பக்கம் எழுதியிருக்க மாட்டேன். சங்ககிரியில் ஒரே ஒரு வண்டி வைத்துக்கொண்டு தானே ஓட்டும் ஒருவரைச் சென்ற வாரம் பார்த்தேன். அவர் வண்டியில் ஏசி கேஸை அழுத்தும் கம்ப்ரசரின் கப்பி பேரிங் இறுகி, பெல்ட் அறுந்துபோயிற்று. அந்த இன்ஜினில் தண்ணீர் பம்பும் அதே பெல்ட்டில்தான் சுற்றுகிறது என்பதால் வண்டி நடுவழியில் நின்றுவிட்டது. கம்ப்ரசர் வருவதற்கு நாளாகும் என்றதும், கம்ப்ரசரை விட்டுவிட்டுச் சுற்றும்படி அளவு குறைந்த பெல்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார். இன்றுவரை அப்படியேதான் ஓடுகிறார். பாகம் கேட்டு மறுபடி போனீர்களா என்று கேட்டேன். ஒரு நாள் போனால் ஒரு நாள் வாடகை போகும், பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் இருக்கிறது என்றார். அவரைப் போலச் சுயதொழிலாகத் தன் பிழைப்புக்காகவே வண்டி வைத்திருப்பவர், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நுகர்வோராக வழக்குப் போடலாம். இரண்டு மூன்று வண்டி வைத்து ஆள் போட்டு ஓட்டும் என்னைப் போன்றவர்களை வணிக நோக்கம் என்று சொல்லி வெளியே நிறுத்த இடமிருக்கிறது. உரிமை உள்ளவருக்கு அலைய நேரம் இல்லை. அலையக்கூடிய எனக்கு உரிமை சந்தேகம்.

இப்போது நீ சொன்ன எண்ணிக்கைக்கு வருகிறேன். பட்டறையில் காத்திருந்த நாட்களில் அந்தப் பையன் ஒன்றை எனக்கு விளக்கினான். பாகம் கேட்கும் ஆர்டரில், வண்டி நகர முடியாமல் நிற்கிறது என்று குறித்தால் அது முன்னுரிமையில் போகும், தேவைப்பட்டால் விமானத்தில்கூட வரும். வண்டி ஓடுகிறது என்றால் அது சாதாரண வரிசையில் சேர்ந்து, மற்ற சரக்கோடு சேர்ந்து, லாரியில் மெதுவாக வரும். கிளட்ச் போனால் வண்டி நிற்கும். இன்ஜெக்டர் போனால் வண்டி நிற்கும். ஏசி போனால் வண்டி நிற்பதில்லை; சங்ககிரிக்காரர் வண்டி போல நின்றாலும் வேறு பெல்ட்டைப் போட்டு ஓட்டிவிடுகிறார்கள். அதனால் எத்தனை ஏசி கெட்டாலும் அவற்றில் ஒன்றுகூட அந்த அவசரக் கணக்கில் ஏறுவதில்லை. சாலையோரத்தில் கேஸ் ஏற்றிக்கொண்டவர் எந்தக் கணினியிலும் இல்லை. பெல்ட்டைச் சுருக்கிப் போட்டவரும் இல்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஓட்டுகிற மாமாவும் இல்லை. இவர்களெல்லாம் பாகம் வேண்டாம் என்று சொன்னவர்கள் அல்லர். கிடைக்காது என்று தெரிந்து கேட்பதை நிறுத்திவிட்டவர்கள். உங்கள் மேசைக்கு இரண்டும் ஒன்று போலத்தான் வந்து சேரும், பூச்சியமாக. அந்தப் பூச்சியத்தைப் பார்த்து இருப்பைக் குறைத்தால், அடுத்த ஆண்டு கேட்பவர்கள் இன்னும் குறைவார்கள்.

ஓட்டும் மனிதன் நிற்கும் நிலையை வண்டி நிற்கும் நிலையாக ஏன் எண்ணக் கூடாது என்பதுதான் நான் உன்னிடம் கேட்க விரும்புவது. முன்பு ஏசி விருப்பமுள்ளவர் போட்டுக்கொள்ளும் பொருளாக இருந்தது; இப்போது சட்டம் கேட்கும் பொருளாகிவிட்டது. பிரேக்குக்கும் விளக்குக்கும் இருப்பு வைப்பது போல இதற்கும் வைக்க வேண்டிய கடமை விற்பவர்களுக்கு உண்டு என்று நான் நினைக்கிறேன். நம் வண்டியைச் செய்த கம்பெனி உன் கம்பெனி இல்லை, உன் கையெழுத்தில் எல்லாம் மாறிவிடாது என்பதும் தெரியும். ஆனாலும் உங்களிடமிருந்தும் லாரி ஏசிக்கான பாகங்கள் போகின்றன என்று நீயே சொல்லியிருக்கிறாய். கண்டென்சர், டிரையர், கப்பி பேரிங், குழாய் இணைப்பில் வரும் சின்ன ரப்பர் வளையங்கள், இவை பங்குனி பிறப்பதற்கு முன்பே நாமக்கல், கர்நூல், நாக்பூர் போன்ற வழித்தட ஊர்களில் பத்து பத்தாவது இருக்கும்படி ஒருமுறை எழுதிப் பார். போன ஆண்டு விற்ற பாகத்தின் எண்ணிக்கையைப் பார்க்காமல், போன ஆண்டு விற்ற வண்டியின் எண்ணிக்கையைப் பார்த்து எழுது. ரப்பர் வளையம் ஒன்று சில ரூபாய் இருக்கும்; அது இல்லாமல் இரண்டு நாள் பட்டறையில் கிடந்த வண்டியை நான் பார்த்தேன். கண்டென்சருக்கு முன்னால் கல் தடுக்க ஒரு நல்ல வலையும் கம்பெனியிலேயே வந்தால், கல் பட்டதா இணைப்பு விட்டதா என்ற வழக்கில் பாதி தீரும். வலையில் மண் அப்பினால் ரேடியேட்டருக்கும் காற்று போகாது, கழுவச் சொல்லித்தர வேண்டும். அதை நான் டிரைவர்களிடம் சொல்லிக்கொள்கிறேன்.

என் பங்குக்கு ஒரு வேலை செய்திருக்கிறேன். சித்திரை பிறந்ததிலிருந்து, புக்கிங் ஆபீஸில் சந்திக்கும் உரிமையாளர்களிடமும் டிரைவர்களிடமும் கேட்டு, எந்த வண்டி, எந்தப் பாகம், என்றைக்குக் கெட்டது, பட்டறைக்குப் போனார்களா, போகவில்லையென்றால் ஏன் என்று ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். இதுவரை இருபத்து மூன்று வண்டிகள். அவற்றில் பட்டறைக் கணினியில் ஏறியவை ஆறு மட்டுமே. அந்தப் பக்கங்களின் நகலை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். பெயரையும் வண்டி எண்ணையும் எழுதவில்லை, அவர்களுக்குச் சங்கடம் வரக் கூடாது. இருபத்து மூன்று என்பது உன் கணக்குக்கு மிகச் சிறியது. ஆனாலும் உன் மேலதிகாரியிடம் காட்டுவதற்கு இது போதுமா, வேறு எதையெல்லாம் நான் கேட்டு எழுத வேண்டும் என்று எனக்குப் பதில் எழுது.

நம் கண்டென்சர் நேற்று மாலை வந்து சேர்ந்தது. கெட்டு முப்பத்தேழு நாள் ஆயிற்று. இன்று காலையில் மாட்டி, டிரையரையும் மாற்றி, காற்றை முழுவதும் உறிஞ்சி எடுத்துப் புது கேஸ் ஏற்றியிருக்கிறார்கள். அவர்களிடம் வெப்பமானியை வாங்கி நானே கேபினில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன், காற்று துவாரத்தில் 9 டிகிரி காட்டியது. கத்திரி முடிய இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. மாமாவிடம் சாவியைக் கொடுத்தபோது உடனே வாங்கவில்லை. மறுபடி கெட்டால் என்ன செய்வது அண்ணா என்று கேட்டார். கெட்டால் வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு எனக்குத் தகவல் சொல், நிற்கும் வண்டி என்றே எழுதிக் கொடுக்கிறேன், வாடகை போனால் போகட்டும் என்று சொன்னேன். இரவு பத்து மணிக்குக் கிளம்புகிறார்.

அன்புடன்,
அப்பா