கோணல் முத்து

அன்புள்ள மூர்த்தி,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. இடது கண்ணில் புரை அறுவை நல்லபடியாக முடிந்தது என்றறிந்து நிம்மதி அடைந்தேன். சில நாள் படிக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருப்பதால், இதை உன் மருமகளை வாசிக்கச் சொல்லித்தான் கேட்பாய்; ஆகவே என் கிறுக்கல் கையெழுத்தைக் கொஞ்சம் திருத்தியே எழுதுகிறேன்.

நான் ரோமிலிருந்து அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு, "தூணைச் சுற்றித் தங்கம், தங்கத்தைச் சுற்றித் தேவதைகள், அந்த ஊரில் வெறும் சுவரே கிடையாதா?" என்று கேட்டிருந்தாய். வாழ்நாள் முழுவதும் பாலங்களுக்குக் கணக்குப் போட்டவன் அப்படித்தான் கேட்பான். அந்தக் கலைப்பாணிக்கு வைத்த பரோக் என்ற பெயரே அந்த ஏளனத்தில் பிறந்ததுதான். உருண்டையாக வராமல் கோணிப்போன முத்தைப் போர்ச்சுகீசிய மொழியில் 'பர்ரோக்கோ' என்பார்கள். பெயர் அதிலிருந்து வந்தது என்பது பெரும்பாலோர் கருத்து. ஏறத்தாழ 1600 முதல் 1750 வரை ஐரோப்பாவில் கட்டியவர்களோ வரைந்தவர்களோ இசையமைத்தவர்களோ தங்களை அப்படி அழைத்துக்கொள்ளவில்லை. 18-ஆம் நூற்றாண்டில், அந்த ரசனை பிடிக்காதவர்கள் ஒட்டிய பெயர் அது.

உன் குறையில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஸ்பெயினின் துறவி புனித தெரேசாவின் பரவசத்தைச் சிற்பி பெர்னினி பளிங்கில் வடித்திருக்கும் சிற்றாலயத்தில், மறைவான சாளரம் ஒன்றிலிருந்து வெளிச்சம் பொன் கம்பிகளின் மேல் இறங்குகிறது. கட்டக் காசு கொடுத்த கொர்னாரோ குடும்பத்தார் இருபுறமும், நாடகக் கொட்டகையில் தனி மாடத்தில் அமர்ந்தவர்கள்போல, பளிங்கிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். வியந்தேன், ஆனால் பத்து நிமிடத்தில் எனக்கும் மூச்சு முட்டியது. மறுபாதியை மறுக்கத்தான் இந்தக் கடிதம்.

அங்கிருந்து நடக்கும் தொலைவில், நான்கு நீரூற்றுகள் உள்ள ஒரு நாற்சந்தியின் மூலையில், சான் கார்லோ என்றொரு தேவாலயம் இருக்கிறது. சிறியதாக இருப்பதால் ரோம் நகரத்தார் அதைச் செல்லமாகச் 'சான் கார்லினோ' என்பார்கள். புனித பேதுரு பேராலயத்தின் பெருந்தூண் ஒன்று நிற்கும் இடத்துக்குள் அது அடங்கிவிடும் என்றும் சொல்வதுண்டு. பணம் அதிகமில்லாத ஸ்பானியத் துறவிகளுக்காக 1638-இல் கட்டடக் கலைஞர் பொரோமினி அதைக் கட்டத் தொடங்கினார். கல் கொத்தும் வேலையில் தொடங்கி மேலே வந்தவர் அவர். உள்ளே பல நிறப் பளிங்கும் பொன்பூச்சும் கண்ணைப் பறிக்கவில்லை, பெரும்பாலும் வெண்சுதைதான். ஆனால் சுவர் ஓரிடத்திலும் நேராக நிற்கவில்லை. உள்ளே குழிகிறது, வெளியே புடைக்கிறது, மறுபடியும் குழிகிறது. தலையை உயர்த்தினால் முட்டை வடிவக் கூரைமாடம். அதில் சிலுவையும் எண்கோணமும் அறுகோணமும் ஒன்றோடொன்று பொருந்தி, உச்சியை நோக்கிச் சிறுத்துக்கொண்டே போவதால், இருப்பதைவிட உயரமாகத் தெரிகிறது.

இவ்வளவு நெளிவையும் அந்த மனிதர் மனம்போன போக்கில் போடவில்லை என்பதுதான் உனக்கு நான் சொல்ல வேண்டிய செய்தி. அவருடைய வரைபடங்கள் எஞ்சியிருக்கின்றன. ஒரு பக்கத்தைப் பொதுவாகக் கொண்ட இரண்டு சமபக்க முக்கோணங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு வட்டம், அவற்றை இணைக்கும் வில் வளைவுகள். கூரைமாடத்தின் முட்டை வடிவம் அப்படியே பிறக்கிறது. கவராயமும் அடிமட்டமும் இருந்தால் நீயே போட்டுவிடலாம். மேலே தெரியும் துள்ளலைக் கீழே ஒரு கண்டிப்பான கணக்கு தாங்கிக்கொண்டிருக்கிறது.

இதைச் சொன்னால், நான் ஏன் இரண்டு ஆண்டுகளாக அந்தக் காலத்து இசையையே கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்ற உன் இன்னொரு கேள்விக்கும் விடை வந்துவிடும். அந்த இசையில், வயலினைவிடப் பெரிய செல்லோ போன்ற கருவி கீழ்ஸ்தாயியில் ஒரு வரியை வாசித்துக்கொண்டே போகும். பியானோவுக்கு முந்தைய விசைப்பலகைக் கருவியான ஹார்ப்சிகார்ட் வாசிப்பவருக்குப் பெரும்பாலும் அந்த வரியும் அதன்மேல் சில எண்களும் மட்டுமே எழுதித் தரப்பட்டிருக்கும்; எண்களைப் பார்த்து மேல் ஸ்வரங்களை அந்தக் கணத்திலேயே அவர் நிரப்பிக்கொள்ள வேண்டும். சில படைப்புகளில் இந்தக் கீழ்வரி மிகச் சிறியதாக இருக்கும், தொடக்கம் முதல் முடிவு வரை திரும்பத் திரும்ப வரும். நம் பல்லவியை நினைத்துக்கொள்ளாதே. பல்லவியில் அந்த வரியைத்தான் எடுத்து விரிக்கிறோம். இங்கே வரி தரைபோலக் கிடக்கிறது, அதன்மேல் வேறொருவர் நடக்கிறார்.

இங்கிலாந்தின் பர்சல் இசையமைத்த 'டைடோவும் ஈனியஸும்' என்ற ஓபராவில், அதாவது இசைநாடகத்தில், காதலன் விட்டுப் பிரிந்தபின் சாகப்போகும் அரசி டைடோ பாடும் புலம்பலைக் கேட்டுப் பார். 1680-களில் எழுதப்பட்ட அது, லண்டனை அடுத்த செல்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் நடிக்கப்பட்டிருக்கிறது. முதலில் கீழ்வரி மட்டும் தனியாக, அரை ஸ்வரம் அரை ஸ்வரமாக, படியிறங்குவதுபோல் இறங்குகிறது. பிறகு அரசி பாடத் தொடங்குகிறாள். கீழ்வரி முடிந்து மறுபடி தொடங்கும் இடத்தில் அவள் வாக்கியத்தின் நடுவில் இருக்கிறாள். அவள் மூச்சு வாங்கும் இடத்தில் கீழ்வரி நிற்காமல் போகிறது. என்னை நினைத்துக்கொள், ஆனால் என் விதியை மறந்துவிடு என்று அவள் கேட்கும்போதும் அது தன் நடையை மாற்றிக்கொள்ளவில்லை. பாட்டு முடிந்த பிறகும் வயலின்கள் அதே சரிவில் இறங்கிக்கொண்டிருக்கின்றன. அவளுடைய துயரத்தைவிட, அந்தக் கீழ்வரி அவளுக்காக ஒரு கணமும் நிற்காததுதான் என் கண்ணைக் கலங்க வைத்தது.

கீழ்வரி இப்படித் திரும்பத் திரும்ப வரும் இசை வடிவங்களின் பிறப்பைக் கேட்டால் சிரிப்பாய். 'சாக்கோன்' என்பது முதலில் ஸ்பெயினில் ஆடப்பட்ட துடுக்கான ஆட்டம். ஆபாசம் என்று பெரியவர்கள் முகம் சுளித்தது. 'பாஸகாலியா' என்ற சொல்லின் மூலப் பொருளே தெருவில் நடப்பது. தெருவிலிருந்து வந்த இவ்விரண்டும் ஒரு நூற்றாண்டுக்குள் ஐரோப்பாவின் மிகக் கனத்த இசைக்கு இருப்பிடமாகிவிட்டன. சால்ஸ்பர்கில் இருந்த இசையமைப்பாளர் பீபர், ஒற்றை வயலினுக்கு எழுதிய பாஸகாலியாவில், இறங்கும் நான்கே ஸ்வரங்களை 65 முறை வரச் செய்திருக்கிறார். கையெழுத்துப் பிரதியில் அதன் தலைப்பில் ஒரு சிறு சித்திரம் உண்டு: ஒரு குழந்தையின் கூடவே நடக்கும் காவல் தேவதூதர். எந்த விளக்க உரையையும்விட அந்தப் படம் கீழ்வரியின் வேலையைச் சரியாகச் சொல்கிறது.

ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் பற்றி எழுதாமல் முடித்தால் நீ விடமாட்டாய். 1720 என்று அவர் கைப்பட ஆண்டு குறித்த பிரதியில், ஒற்றை வயலினுக்கான இரண்டாம் பார்ட்டிட்டாவின் (ஆட்ட வடிவங்களின் தொகுப்பு) கடைசிப் பகுதியாக ஒரு சாக்கோன் இருக்கிறது. வாசிக்கக் கால் மணி நேரம் ஆகும். நான்கு நான்கு தாள அளவுகளாக அறுபதுக்கும் மேற்பட்ட முறை அடிப்படை திரும்புகிறது. ஆனால் பல இடங்களில் கீழ்வரி காதில் விழாது, இருப்பதாக நாம் உணரத்தான் முடியும். நடுவில் சாயல் மாறி வெளிச்சம் வருகிறது, பிறகு பழைய இருட்டே திரும்புகிறது. அதே ஆண்டு ஜூலையில் பாக் தாம் பணிபுரிந்த இளவரசரோடு வெளியூர் போய்த் திரும்பியபோது, மனைவி மரியா பார்பரா இறந்து அடக்கமும் முடிந்திருந்தது. அவளுக்கான இரங்கல்தான் இந்தச் சாக்கோன் என்று சிலர் உருக்கமாக எழுதுகிறார்கள். அதற்குச் சான்று இல்லை, எனக்கு அது தேவைப்படவும் இல்லை. ஒன்றரை நூற்றாண்டு கழித்து இன்னொரு ஜெர்மன் இசையமைப்பாளரான பிராம்ஸ் இதைப் பியானோவுக்கு மாற்றியபோது, இடது கைக்கு மட்டுமே எழுதினார். இரண்டு கையும் இருந்தால் வயலின்காரர் படும் பாடு தெரியாது அல்லவா?

பொரோமினியின் முடிவு துயரமானது. நோயும் மனச்சோர்வும் வாட்ட, 1667-இல் தம் வாளின்மேல் தாமே விழுந்து, மறுநாள் இறந்தார். அவருடைய முதல் தனி வேலையான சான் கார்லோவின் முகப்பு, அப்போது இன்னும் முடியாமல் நின்றது.

உனக்கு இப்போது படம் பார்ப்பதற்குத்தான் தடை, கேட்பதற்கு இல்லை. முதலில் டைடோவின் புலம்பலைப் போடச் சொல். பாடகியை விட்டுவிட்டுக் கீழ்வரியை மட்டும் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வா. எனக்குப் பதினொரு முறை வந்தது. உன் கணக்கை எழுது. கண்ணில் கட்டு அவிழ்ந்ததும் பொரோமினியின் வரைபடத்தின் நகலை அனுப்புகிறேன். முக்கோணம் சரியாக உட்காருகிறதா என்று நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு.

உன்,
சேகரன்