ஜுவனைல் என்று எழுதிய பொடியன்

ஆசிரியர் அவர்களுக்கு,

களுவாஞ்சிகுடியில் பின்னேரங்களில் ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். போன மாதம், உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் நிற்கிற பொடியன் ஒருவன் வேலை விண்ணப்பம் ஒன்றைக் கொண்டுவந்து "சேர், ஒருக்காப் பாருங்க" என்று நீட்டினான். முதல் வரியே 'ஐ ஆம் எ ஜுவனைல் ஃப்ரம் பட்டிக்கலோ'. ஏன்டா இப்படி எழுதினாய் என்று கேட்டால், ஃபோனில் இளைஞன் என்று தட்டினானாம், வந்த சொற்களில் இதுதான் கொஞ்சம் படித்தவன் எழுதினதுபோல இருந்ததாம். பராயமடையாதவரைக் குறிக்கிற அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் பொலிஸோ நீதிமன்றமோதான் நிற்கும் என்று ஃபோன் சொல்லவில்லை, பாவம்.

அவனை விடுங்கள், உங்கள் பத்திரிகையும் இதைத்தான் செய்கிறது. இரண்டு கிழமைக்கு முன் வந்த மோட்டார் சைக்கிள் விபத்துச் செய்தியில் 'மூன்று இளைஞர்கள்' என்று தலைப்பு, உள்ளே பார்த்தால் வயது 15, 16, 16. ஆங்கிலத்தில் 'யூத்ஸ்' என்று வந்ததை அப்படியே திருப்பியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 'த யூத் ஆஃப் அம்பாறை' என்று மொத்தமாகச் சொன்னால் அது மேடையில் மாலை போடுகிற சொல், அதையே 'எ யூத்', 'டூ யூத்ஸ்' என்று எண்ணத் தொடங்கினால் அநேகமாக ஆம்பிளைப் பொடியன்கள்தான், அதுவும் ஏதோ செய்துவிட்டு நிற்கிறவர்கள் என்கிற மணம் சேர்ந்து வந்துவிடும். எண்பதுகளில் ஆங்கிலப் பேப்பரில் 'தமிழ் யூத்ஸ்' என்று கண்டாலே எங்கள் வீட்டில் அம்மா மற்ற வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பா. நாங்களும் அந்த நாளில் இயக்கத்தில் இருந்தவர்களைப் 'பொடியன்கள்' என்று குரலைத் தாழ்த்தித்தான் சொன்னோம், அது வேறு கதை.

16 வயது என்றால் என்ன என்பதில் பெரிய இடங்களுக்கே ஒரு சொல் இல்லை. 1989 இல் வந்த சிறுவர் உரிமைகள் சமவாயத்தின்படி 18 ஆகாதவர் சிறுவர், ஐ.நா. புள்ளிவிபரத்தில் 15 முதல் 24 வரை யூத், உலக சுகாதார நிறுவனத்துக்கு 10 முதல் 19 வரை அடலசன்ட், அதாவது வளரிளம் பருவத்தினர். டீனேஜர் மட்டும் கணக்கில் தெளிவு, தேர்ட்டீனில் தொடங்கி நைன்டீனில் முடிந்துவிடும். கிட் என்றால் முதலில் ஆட்டுக்குட்டிதான், நாமும் பிள்ளையைக் குட்டி என்கிறோமே, அதனால் வீட்டுக்குள் செல்லம், விண்ணப்பத்தில் எழுதினால் வேலை கிடைக்காது. மைனர் இன்னும் பகிடி: ஆங்கிலத்தில் பராயமடையாதவர், தமிழுக்கு வந்ததும் கழுத்தில் சங்கிலி போட்டுக்கொண்டு சொத்தை அழிக்கிற ஆள்.

நம்மிடமும் சொல்லுக்குப் பஞ்சமில்லை. இளந்தாரி என்றால் மீசை தெரிகிறது, விடலை என்றால் அடங்காதவன் என்று தெரிகிறது, நாற்பது வயதானாலும் "நம்மட பொடியன்தான்" என்றால் சொல்கிறவருக்கு அவன் மேல் பிடிப்பு இருக்கிறது. கல்யாணமாகாத பெண் பிள்ளைகளை நினைத்து "வீட்டில ரெண்டு குமர் இருக்கு" என்று ஒரு தாய் பெருமூச்சு விடுவதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று ஒரு பிள்ளை கேட்டு, நான் பதில் தெரியாமல் பேச்சை மாற்றினேன்.

இவ்வளவு இருந்தும் செய்தியில் எல்லாருமே இளைஞர். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை என்றால் மாணவன் என்று போடுங்கள், இல்லாவிட்டால் வயதைத் தலைப்பிலேயே போடுங்கள். அந்தப் பொடியனுக்கும் அதைத்தான் சொன்னேன், ஜுவனைலை வெட்டிவிட்டு 'ஐ ஆம் நைன்டீன்' என்று எழுதினான்.

இப்படிக்கு,
களுவாஞ்சிகுடி வாசகர்