போல்ட்டுகளைத் துலக்கித் தந்த அம்மாவுக்கும், உடன்நின்ற எல்லோருக்கும்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

நீருக்கடியில் கிடந்து வெளியே எடுத்த என் பழைய ஜப்பானியக் கார் டாட்சன் 240இசட்டின் இன்ஜின் நேற்று மாலை ஓடிவிட்டது. இந்த ஒரு வரியை எழுதத்தான் இத்தனை காலம் காத்திருந்தேன் என்பதால் அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். தொடக்கத்தில் மூன்று நான்கு சிலிண்டர்கள் மட்டும் விட்டுவிட்டுப் பற்றின, பிறகு ஆறும் ஒரே சீராகச் சேர்ந்துகொள்ள, எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் ஏறி நின்றது, எங்கும் ஒழுகவில்லை. என் கையிலிருந்து கிரீஸ் வாசனை இன்னும் போகவில்லை, மனமும் ஒரு நிலைக்கு வரவில்லை. ஆனாலும் நிதானம் வரும்வரை பொறுத்திருந்தால் சொல்ல வேண்டியவற்றில் பாதி மறந்துவிடும் என்று அஞ்சி இப்போதே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அந்த டாட்சன் 240இசட் நீருக்குள் போன கதையும் வெளியே வந்த கதையும் உங்களுக்குத் தெரியும். உங்களில் பலர் அன்று முழங்காலளவு சேற்றில் நின்றவர்கள். ஆகவே அதைத் திரும்பச் சொல்லப்போவதில்லை.

வெளியே எடுத்த அன்றே தொலைபேசியில் அழைத்து, "காயவிட்டுவிடாதீர்கள்" என்று எச்சரித்தவர்களுக்கு முதல் நன்றி. அடிச்சேற்றில் ஆக்சிஜன் குறைவு என்பதால் அங்கே இரும்பு மெதுவாகத்தான் அரிக்கப்படுகிறது. ஈரம் உலராத தகட்டில் வெளிக்காற்று பட்ட பிறகுதான் துரு வேகமெடுக்கிறது. எதை முதலில் கழுவுவது, எதை உடனே பிரிப்பது, எதை எண்ணெயில் மூழ்கவைப்பது என்று அவர்கள் வரிசைப்படுத்திச் சொன்னதால் அந்த முதல் வாரத்தில் இழப்பு பெருகவில்லை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, துளைகளில் ஊடுருவும் எண்ணெயை ஊற்றிவிட்டு, பிஸ்டன்களோடு சுழலும் கிராங்க் தண்டு இளகும்வரை நெம்புகோல் பக்கமே போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்ன மூத்த மெக்கானிக் ஐயாவுக்கும், வால்வு திறந்த நிலையில் நின்றிருந்த சிலிண்டர்களில் விழுந்த குழிகளைப் பார்த்து முகம் சுளிக்காமல் 83 மில்லிமீட்டர் துளையை 84 ஆக்கித் தந்த லேத் பட்டறையினருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். அவர்கள் கைவண்ணத்தில் 2393 சிசி இன்ஜின் இப்போது ஏறத்தாழ 2450 சிசி ஆகியிருக்கிறது. தண்ணீருக்குள் கிடந்து ஒரு கார் சம்பாதித்தது இது ஒன்றுதான்.

சலவைச் சோடா கரைத்த தொட்டியில் நேர்மின்சாரம் செலுத்தித் துரு நீக்கிய நண்பருக்கும், அலுமினியப் பாகம் எதுவும் அந்தத் தொட்டிக்குள் போய்விடாமலும் ஹைட்ரஜன் தேங்காதபடி கதவு திறந்தே இருக்கும்படியும் காவல் காத்த அவருடைய தம்பிக்கும் நன்றி. உறைக்குள் கறுத்துப்போயிருந்த செம்புக் கம்பிகளை முழுவதும் மாற்றி வயரிங்கைப் புதிதாகக் கட்டியவர், இந்தக் காரில் கணினி எதுவும் இல்லை, தீப்பொறிக்குக்கூட மின்சாரத்தைத் தொட்டு விலகித் துண்டிக்கும் பாயின்ட்டுகள்தான் என்று சொல்லிச் சொல்லியே எனக்குத் தைரியம் ஊட்டினார். இரட்டைக் கார்புரேட்டர்களைப் பிரித்துக் கோத்தவரும், ஜப்பானியத் தரநிலைப்படி செய்த ஸ்குரூடிரைவரை ஒரு கடிதத்தோடு அனுப்பியவரும் அடுத்தடுத்து வந்து சேர்ந்தார்கள். பார்வைக்குச் சாதாரண நட்சத்திர ஸ்குரூ போலவே இருந்தாலும், அந்தக் கால ஜப்பானிய ஸ்குரூவின் பள்ளத்தில் மற்ற டிரைவர் முழுதாக இறங்குவதில்லை, மேலே ஏறி வழுக்கித் தலையைச் சிதைத்துவிடுகிறது என்பதை அந்தக் கடிதம்தான் எனக்குப் புரியவைத்தது. 240இசட்டோடு அதே வரிசையில் பின்னர் வந்த 260இசட், 280இசட்டையும் சேர்த்து இந்த வகைக் கார்கள் 1969 முதல் 1978 வரை 5 லட்சத்துக்கும் மேல் கட்டப்பட்டன; அதனால் இன்றும் ஏதோ ஒரு நாட்டில் ஒருவருடைய பரண்மேல் ஒரு கதவுக் கைப்பிடி கிடைக்கிறது. அப்படிப் பரணில் இருந்ததை எடுத்துப் பொதிகட்டி அனுப்பிய ஒவ்வொருவரையும் தனித்தனியே நினைத்துக்கொள்கிறேன்.

"வேண்டாம், விட்டுவிடு" என்று சொன்னவர்களையும் இந்த நன்றியில் சேர்க்கிறேன். அவர்கள் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. இது அடிச்சட்டமும் உடலும் ஒன்றாக வெல்டிங் செய்யப்பட்ட கார். பெட்டிபோல் மூடிய பகுதிகளுக்குள் புகுந்த வண்டல் வெளியே தெரியாது. நீரில் கிடக்காத 240இசட் கார்களிலேயே பேட்டரித் தட்டின் அடி, தரைத் தகடு, பின்சக்கரத்துக்கு முன்னாலுள்ள மடிப்பு என்று துருப்பிடிக்கும் இடங்கள் ஏராளம். அவர்கள் அடுக்கிய ஒவ்வொரு காரணத்தையும் நான் ஒரு சோதனைப் பட்டியலாக மாற்றிக்கொண்டு, அந்தந்த இடத்தைத் திறந்து பார்த்தேன். உற்சாகப்படுத்தியவர்கள் யாரும் அவ்வளவு துல்லியமாக இடம் காட்டவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இனி, நான் முக்கியமாக எழுத வந்த செய்தி. தரைத் தகடுகளை வெட்டி எடுத்துப் புதிதாக வெல்டிங் செய்துகொடுத்த நண்பர், முழங்கால் வலியோடு இருக்கும் தம் தாயாரை வீட்டில் தனியே விட மனமில்லாமல் வேலை நாட்களில் உடன் அழைத்து வருவார். அந்த அம்மா தையல் வேலை செய்து ஓய்வுபெற்றவர். காரில் ஏறுவதைத் தவிர காரோடு அவருக்கு எந்த உறவும் இருந்ததில்லை. வெல்டிங் வெளிச்சம் கண்ணில் படாத மூலையில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்திருந்தோம். அங்கிருந்து ஒரு நாள், "சும்மாதானே உட்கார்ந்திருக்கேன், அந்த டப்பாவை இப்படிக் கொடு தம்பி" என்றார். முன்பக்க சஸ்பென்ஷனிலிருந்து கழற்றிய போல்ட்டுகளும் நட்டுகளும் வாஷர்களும் துருவோடு துருவாக ஒட்டிக் கிடந்த டப்பா அது.

நான் உதவி கேட்டு உங்களுக்கெல்லாம் எழுதிய பட்டியலில் வெல்டிங், லேத், வயரிங் எல்லாம் இருந்தன. போல்ட் துலக்குவது இல்லை. அப்படி ஒரு வேலையை யாரிடமும் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்திருக்கும். புதியதாகவே எல்லாவற்றையும் வாங்கிப் போட்டுவிடலாமே என்று தோன்றும். ஆனால் கழுத்து வைத்தவை, நுனி கூராக்கியவை, ஓர் இடத்துக்கென்றே நீளம் வெட்டியவை என்று கடையில் கிடைக்காத வடிவங்கள் ஒரு பழைய காரில் நிறைய உண்டு. வாங்கக் கிடைப்பவற்றைக்கூட மாதிரி கையில் இல்லாமல் வாங்க முடியாது.

அம்மா முதலில் வினிகர் கேட்டார். அதில் ஊறவைத்து, பழைய டூத்பிரஷ்ஷால் மரை மரையாகத் தேய்த்து, அமிலம் தங்கிவிடாமல் சோடா கரைத்த நீரில் அலசி, துடைத்து, சூட்டில் உலர்த்தி, எண்ணெய் தடவினார். ஒரு டப்பா முடியும்வரை அடுத்ததைத் திறக்க மாட்டார். "கலந்துபோச்சுன்னா உனக்குத்தான் தொல்லை" என்பார். சில நாட்களில், நான் சொல்லித் தராத ஒன்றை அவரே கவனித்துவிட்டார்: "தம்பி, இதோட தலையில 7ன்னு இருக்கு, அதுல 9ன்னு இருக்கு. ரெண்டும் வேற வேறயா?"

வேறு வேறுதான். அந்தக் கால ஜப்பானிய போல்ட்டுகளின் தலையில் இருக்கும் 4, 7, 9 என்ற எண்கள் உலோகத்தின் வலிமையைக் குறிப்பவை. 4 என்றால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 40 கிலோகிராம் இழுவிசை, 7 என்றால் 70, 9 என்றால் 90. நீளமும் மரையும் ஒன்றாகவே இருந்தாலும், 9 இருக்க வேண்டிய இடத்தில் 4 போட்டால் ஒரு நாள் அது அறுந்துபோகும். இதைச் சொன்ன பிறகு அம்மாவின் வேலை துலக்குவதோடு நிற்கவில்லை. டப்பா வாரியாகவும் எண் வாரியாகவும் பிரிக்கத் தொடங்கினார். துரு தின்று எண் மங்கியிருந்த தலைகளின்மேல், குழந்தைகள் நாணயத்தைப் படி எடுப்பதுபோல மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். விரலால் தடவியும் பூதக்கண்ணாடியால் பார்த்தும் எனக்குத் தெரியாத எண்கள் அந்தத் தாளில் தெரிந்தன. தலைகீழாகப் பார்த்ததில் 6 எனத் தோன்றியவற்றைத் தனியே ஒதுக்கி, "6ஆ 9ஆ? தம்பியைக் கேட்கணும்" என்று சீட்டு எழுதி வைத்திருந்தார். மிச்சத் துணிகளில் சிறுசிறு பைகள் தைத்து, ஒவ்வொன்றிலும் இடத்தின் பெயரையும் வலிமை எண்ணையும் நூலால் போட்டுக் கொடுத்தார். பென்சிலில் எழுதினால் எண்ணெய் பட்டு அழிந்துவிடுமாம்.

இன்ஜின் விசையைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலைத் தாங்கும் போல்ட்டுகள் இருந்த பைக்குள் ஒன்றை மட்டும் தனித் துணியில் முடிந்து, "இது மட்டும் 4. ஏன்?" என்று எழுதியிருந்தார். அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. கார் நீருக்குள் போவதற்கு வெகுகாலம் முன்பே, யாரோ ஒருவர் கைக்குக் கிடைத்ததைப் போட்டு முடுக்கியிருக்கிறார். இத்தனை மெக்கானிக்குகள் கூடியிருந்த பட்டறையில் அதைக் கண்டுபிடித்தது, வாகனம் ஓட்டியே அறியாத ஒரு தையற்காரர். அதன்பிறகு நாங்கள் மற்ற பைகளையும் வேறு கண்ணோடு பார்த்தோம். ஜப்பானிய வழக்கில் 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 12 மில்லிமீட்டர் ஸ்பேனர் போதும். 13 கேட்கும் தலை பெரும்பாலும் பின்னால் வந்து சேர்ந்ததாக இருக்கும். அம்மா இதையும் கற்றுக்கொண்டு, இரண்டு ஸ்பேனர்களை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சோதித்தார். 9 எண்ணுள்ளவற்றில் குழிவிழுந்த எதையும் நாங்கள் திரும்பப் பூட்டவில்லை. அந்தப் பைகள் எங்களுக்கு வாங்க வேண்டியவற்றின் பட்டியலாக, நீளமும் மரையும் வலிமையும் பிசகாத பட்டியலாக, அமைந்துவிட்டன.

இன்று காலை அவர் வீட்டுக்குப் போய் இன்ஜின் ஓடிய செய்தியைச் சொல்லி, காலைத் தொட்டு வணங்கினேன். மகிழ்ந்தார். ஆனால் அவருடைய முதல் கேள்வி, "இன்னும் டப்பா மிச்சம் இருக்கா?" என்பதாகத்தான் இருந்தது.

இந்தக் காரைப் பற்றிப் பேசும்போது இதன் வடிவத்தை உருவாக்கிய குழுவை நடத்திய மாட்சுவோவையும், அமெரிக்கச் சந்தையில் இதற்காக வாதாடிய கடாயாமாவையும், 1971இலும் 1973இலும் கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி பந்தயத்தில் இது வென்றதையும் நாம் பேசுவோம். நானும் அப்படித்தான் பேசிவந்தேன், இனியும் பேசுவேன். ஆனால் கடந்த சில மாதங்களாக, இரவில் விளக்கை அணைத்துப் படுத்தால் எனக்கு நினைவுக்கு வருவது அந்த நீண்ட முன்மூடியின் வளைவு அல்ல. எந்தப் பை எந்த இடத்துக்கு உரியது என்பதுதான். இது நல்ல மாற்றமா, கார்ப் பைத்தியம் இன்னும் முற்றிவிட்டதா என்பதை என் வீட்டாரைக் கேட்டால்தான் தெரியும்.

உங்கள் எல்லோரின் முன்னிலையிலும் சிலவற்றை உறுதி கூறுகிறேன். இந்தக் கார் புதியதுபோல் ஆகிவிட்டது என்று ஒருபோதும் சொல்ல மாட்டேன், ஏனெனில் ஆகவில்லை. கதவுத் தூண்களின் உட்புறத்தில் நாங்கள் விட்டுவைத்த குழிகள் இருக்கின்றன. டேஷ்போர்டின் நுரைக்குள் நீர் ஊறியிருந்ததால் அது வேறொரு காரிலிருந்து வந்தது. நீரில் கிடந்த வரலாறு, வெட்டி ஒட்டிய இடங்களின் படங்கள், மாற்றிய பாகங்களின் பட்டியல் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கும். என்றைக்காவது இது வேறு கைக்குப் போனால் அந்தக் கோப்பும் அம்மாவின் துணிப் பைகளும் கூடவே போகும். மூடிய பகுதிகளுக்குள் ஆண்டுதோறும் கேமரா விட்டுப் பார்த்து, துருவைத் தடுக்கும் மெழுகுப் பூச்சைப் புதுப்பிப்பேன். கண்ணாடிக் கூண்டுக்குள் நிறுத்திவைக்காமல் ஓட்டுவேன். முதல் ஓட்டத்தில் பக்கத்து இருக்கை யாருக்கு என்பதில் போட்டி வேண்டாம். அது அம்மாவுக்கு, முழங்கால் ஒத்துழைக்கும் நாளில்.

உங்களில் யாராவது நீரிலிருந்து ஒரு காரை எடுத்தால், அது எந்தக் காராக இருந்தாலும், போல்ட் டப்பாக்களை எனக்கு அனுப்புங்கள். தாளும் பென்சிலும் வைத்து எண் எடுக்கும் முறையை நானும் கற்றுக்கொண்டுவிட்டேன், அம்மா அளவுக்கு நேர்த்தி வரவில்லை என்றாலும்.

கடைசியாக ஒரு வேலைச் செய்தி. பின்சக்கர சஸ்பென்ஷன் கையைச் சக்கரத் தாங்கியோடு கோக்கும் ஸ்பிண்டில் பின் என்ற தண்டை இழுத்தெடுப்பதற்காகப் பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் தாமே செய்து அனுப்பிய கருவி இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது. துருப்பிடித்த அந்த நீண்ட பின்னைச் சுத்தியலால் அடித்து நுனி மரையைச் சிதைத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். திருப்பி அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு, அடுத்துத் தேவைப்படுபவருக்குக் கொடுத்துவிடுங்கள் என்று பதில் வந்தது. கருவியின் மரையைச் சுத்தம் செய்து எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன். முதலில் கேட்பவருக்கு என் செலவில் அனுப்பிவைக்கிறேன். கழற்றுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே பின்னின் இரு முனைகளிலும் தினமும் ஊடுருவும் எண்ணெய் விட்டுவாருங்கள், நடுவிலுள்ள பூட்டு ஊசியை முதலில் எடுக்க மறக்காதீர்கள்.

மிகுந்த நன்றியுடன்,
அந்த 240இசட்டின் உரிமையாளர்