கோசுக்குப் பாத்தி கட்டிய டாக்டர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனில் சொல்லலாம் என்றால் அப்பா பாதியில் வாங்கி ரயில் நேரத்தைப் பேசிவிட்டு வைத்துவிடுவார், அதனால் எழுதுகிறேன். தூர் நகரத்து ஓட்டல் அறையில் அவர் தூங்கியாயிற்று, எனக்குத்தான் கால் வலியில் தூக்கம் வரவில்லை.

நீ போட்டுக் கொடுத்த பட்டியலில் மூன்று நாளைக்கு பிரான்சின் ஆறு கோட்டை இருந்தது. மூன்றுதான் பார்த்தோம், திட்டாதே. கோட்டை என்றதும் நான் நம்ம செஞ்சி மாதிரி மலையும் மதிலுமாக நினைத்துக்கொண்டு வந்தேன், இங்கே இருப்பதெல்லாம் ராஜாக்களும் அவர்களுடைய கணக்கப்பிள்ளைகளும் சொகுசாக இருக்கக் கட்டிக்கொண்ட மாளிகைகள்.

ஷாம்போரை முதலில் சொல்லிவிடுகிறேன். 400க்கு மேல் அறை, 282 கணப்பு. முதலாம் பிரான்சுவா ராஜா 1519இல் ஆரம்பித்தது, ஆனால் அவர் ஆண்ட 32 வருடத்தில் அங்கே தங்கியது எல்லாம் சேர்த்து எழுபது நாள் சொச்சம்தானாம். நடுவில் ஒரு மாடிப்படி, இரண்டு படிகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு மேலே போகின்றன. அப்பா ஒன்றில் ஏறினார், நான் இன்னொன்றில். நடுவிலிருக்கும் ஜன்னல் வழியாக ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிகிறது, சந்திக்கவே முடியாது. "நம்ம முதல் பத்து வருஷம் இப்படித்தான் இருந்தது" என்றார். சிரித்துவிட்டேன். முன்பக்கத் தோட்டத்தை 2017இல் பழைய வடிவத்துக்கே கொண்டுவந்திருக்கிறார்கள், புல்லும் கோடும்தான், எனக்கு அதில் சொல்ல ஒன்றுமில்லை.

ஷெனோன்சோவுக்கு தூரிலிருந்து அரை மணி நேர ரயில், இறங்கினால் வாசல். மாளிகை ஷெர் ஆற்றுக்குக் குறுக்கே பாலம் மாதிரி நிற்கிறது. அங்கே நடந்தது சுத்தமான சக்களத்திச் சண்டை. இரண்டாம் ஆன்றி ராஜா 1547இல் அதைத் தன் ஆசைநாயகி தியானுக்குக் கொடுத்தார், அவள் ஆற்றின் மேல் பாலம் போட்டாள், கரையில் தோட்டம் போட்டாள். 1559இல் ராஜா குதிரை மேல் ஈட்டிப் போட்டி ஆடி, அந்தக் காயத்தில் செத்துப்போனார். ராணி கத்தரின் அத்தனை வருடம் பொறுத்திருந்தவள், உடனே தியானைக் கூப்பிட்டு ஷோமோன் மாளிகையை வைத்துக்கொள், இதைக் கொடு என்று வாங்கிக்கொண்டாள். பிறகு அந்தப் பாலத்தின் மேலேயே 60 மீட்டர் நீளக் கூடம் கட்டி விருந்து வைத்தாள், தனக்கென்று மறுபக்கம் ஒரு தோட்டமும் போட்டாள். இரண்டு தோட்டமும் இன்னும் இருக்கின்றன, தியானுடையதுதான் பெரிது. எனக்கு என்னவோ கத்தரினுடையதுதான் பிடித்தது, சின்னது, உட்காரத் தோன்றுகிறது. அந்தக் கூடத்தில்தான் முதல் உலகப் போரில் ஆஸ்பத்திரி நடந்திருக்கிறது, 2,000 பேருக்கு மேல் அடிபட்ட சிப்பாய்கள். அடுத்த போரில் அந்த ஆறே எல்லைக்கோடு ஆகிவிட்டது, வடகரை ஜெர்மன்காரன் கையில். முன்வாசலில் நுழைந்து கூடத்தின் தெற்குக் கதவு வழியாக வெளியேறித் தப்பித்தவர்கள் உண்டு. அந்தக் கதவுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

அப்புறம் வில்லாந்த்ரி. ஒன்றரை நாள் அங்கேயே போய்விட்டது, மீதி மூன்று கோட்டையும் அடிபட்டது அதனால்தான்.

காய்கறித் தோட்டம், பாப்பா! ஒன்பது சதுரம், ஒவ்வொன்றிலும் வேறு வேறு கோலம், ஓரமெல்லாம் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்ட குட்டை வேலி. உள்ளே சிவப்புக் கோஸ், பீட்ரூட், நீலம் பாய்ந்த இலையோடு ஒரு வெங்காயச் செடி, பூசணி, மிளகாய். மேலே ஏறிப் பார்த்தால் ஜமக்காளம் விரித்த மாதிரி. வருடத்துக்கு இரண்டு முறை நடுகிறார்கள், ஒரு சதுரத்தில் போட்ட இனத்தை அடுத்த முறை அங்கே போடுவதில்லை, மண் களைத்துவிடும் என்று. உன் தாத்தாவும் கத்தரி போட்ட இடத்தில் மறுபடி கத்தரி போட விடமாட்டார். இரண்டு பேருக்கும் ஒரே பாடம்.

இதைப் போட்டவர் ராஜா இல்லை. யோகிம் கர்வாயோ, ஸ்பெயினில் பிறந்த டாக்டர். பாரிஸில் ஷார்ல் ரிஷே என்பவருடைய லேபில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார், அந்த ரிஷே 1913இல் நோபல் பரிசு வாங்கியவர். இவர் 1906இல் இந்த மாளிகையை வாங்கினார், ஆராய்ச்சியை விட்டார், அதற்கு முந்தைய நூற்றாண்டில் யாரோ போட்டிருந்த இங்கிலீஷ் பாணிப் பூங்காவை அழித்தார், பழைய படங்களையும் நூல்களையும் பார்த்து இந்தத் தோட்டத்தைத் திரும்ப அமைத்தார். லேபில் கூட இருந்தவர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். கோசுக்குப் பாத்தி கட்டவா படித்தாய் என்று யாராவது கேட்டிருப்பார்கள்.

போன தீபாவளிக்கு நீ ஆராய்ச்சியை விட்டுவிட்டு ரொட்டி சுடப் படிக்கப் போகிறேன் என்றபோது நான் கேட்டது கிட்டத்தட்ட அதேதான். பிறகு நாலு நாள் பேசாமல் இருந்தேன். அது தப்பு. கேட்டது தப்பில்லை, பேசாமல் இருந்தது தப்பு.

இதையும் சொல்லிவிடுகிறேன், கர்வாயோவின் மனைவி ஆன் கோல்மன் பணக்கார அமெரிக்க வீட்டுப் பெண், அந்தப் பணம் இல்லாமல் ஒரு பாத்திகூட வந்திருக்காது. உனக்கு அப்படி யாரும் இல்லை, அப்பாவின் பென்ஷன்தான் இருக்கிறது. அதனால் அவரைக் காட்டி உன்னிடம் சரி என்று சொல்ல வரவில்லை. அவளும் அதே லேபில் வேலை பார்த்தவள்தான் என்று போட்டிருந்தது, அவள் எதை விட்டுவிட்டு வந்தாள் என்று அங்கே யாரும் பெரிதாக எழுதி வைக்கவில்லை. நான் அதைத்தான் திரும்பத் திரும்ப யோசித்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வருடமாகப் பாரிஸில் இருக்கிறாய், ஒரு மணி நேர ரயில், நீ இன்னும் வந்ததில்லை. ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் வைத்துக்கொள்ளாதே. மாளிகைக்குள் நுழைவதற்கு முன்னால் தோட்டத்தைப் பார்த்துவிடு, உள்ளே கட்டிலும் திரைச்சீலையும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான்.

நாளை சாயங்காலம் வருகிறோம். வீட்டில் புளி தீர்ந்துவிட்டது, லா ஷாப்பெல் பக்கம் போனால் வாங்கி வை. அந்த ரொட்டிப் படிப்புக்கு எவ்வளவு கட்டணம், எத்தனை மாதம் என்று எழுதி வை. அப்பாவிடம் நான் பேசுகிறேன்.

அம்மா